டேஷ் கோட்டின் நீளத்தை யார் முடிவு செய்வது?

வீட்டுப் பிளானில் சமையலறை மேடைக்கு மேலே வரும் பரணை டேஷ் கோட்டால்தான் காட்டுகிறோம். தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் கட்டடத்தைக் கிடையாக வெட்டிக் கீழே பார்ப்பதுதான் பிளான். அந்த வெட்டுக்கு மேலே இருப்பதையும், மண்ணுக்குள்ளோ கான்கிரீட்டுக்குள்ளோ மறைந்திருப்பதையும் விட்டுவிட்டு வரும் கீற்றுகளால் சொல்கிறோம். சன்ஷேடு, மேலே ஓடும் பீம், புதைந்து போகும் கழிவுநீர்க் குழாய், ஃபுட்டிங்கின் விளிம்பு, செட்பேக் எல்லை எல்லாமே இந்தக் கணக்கில் வருகின்றன. கீற்றுகள் ஒட்டிப்போய் முழுக்கோடாக அச்சானால் பரண் இன்னொரு மேடையாகிவிடும். பீம் சுவரின் விளிம்பாகிவிடும். சைட்டில் மேஸ்திரியின் கையில் இருப்பது மடித்து மடித்து நைந்த ஒரு தாள். அந்தக் கோட்டை கிளிக் செய்து அது எந்த லேயர் என்று பார்க்கும் வசதி அவருக்கு இல்லை.

இவ்வளவு பொறுப்பைச் சுமக்கும் கோடு, ஆட்டோகேடில் வரைபவர்களுக்குத் தீராத தலைவலியாகவே இருந்துவருகிறது. மாடலில் ஒழுங்காகத் தெரியும் டேஷ், லேஅவுட்டுக்குப் போனதும் முழுக்கோடாகிவிடுகிறது. ஒரு வியூபோர்ட்டில் அளவாக வருவது பக்கத்து வியூபோர்ட்டில் நீண்டு கிடக்கிறது. ஒவ்வொரு ஆபீசிலும் இதற்கு ஒரு கைவைத்தியம் வைத்திருக்கிறார்கள். மொத்த டிராயிங்குக்கும் ஒரு பெரிய எண்ணைக் கொடுத்துவிடுவது ஒன்று. சரியாகத் தெரியாத கோடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றாகத் திருத்துவது இன்னொன்று. வியூபோர்ட்டின் ஸ்கேலைப் பார்த்து மென்பொருளே கணக்குப் போடட்டும் என்று விடுவது மூன்றாவது. என் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கீற்றின் நீளம் தாளின் மேல் மில்லிமீட்டரில் முடிவாக வேண்டிய விஷயம். அந்த நீளத்தைக் கோட்டு வகையின் வரையறையிலேயே எழுதிவிட்டு, பெருக்கும் எண்கள் எல்லாவற்றையும் 1-இல் நிறுத்துவதுதான் நிலைத்து நிற்கும் வழி. மூன்றாவது முறையின் முற்றிய வடிவம் அது. அதற்கும் குறைகள் உண்டு. அவை லேசானவை அல்ல. அவற்றையும் சேர்த்து எடைபோடத்தான் இந்தக் கட்டுரை.

டேஷ் கோட்டின் வடிவம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பலர் திறந்து பார்ப்பதே இல்லை. ஏகேட்.லின், ஏகேட்ஐசோ.லின் என்று இரண்டு கோப்புகள் ஆட்டோகேடோடு வருகின்றன. நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்புகள். முதல் கோப்பில் டேஷ்டு என்ற வகைக்கு எதிரே 0.5, -0.25 என்று இருக்கும்: அரை அலகு கோடு, கால் அலகு வெளி. இரண்டாவது கோப்பில் அதே பெயருக்கு எதிரே 12.7, -6.35. முன்னது அங்குலத்துக்கு, பின்னது மில்லிமீட்டருக்கு. இரண்டுக்கும் இடையே 25.4 மடங்கு வித்தியாசம், பெயரோ ஒன்று. ஹிட்டன், சென்டர், ஃபேன்டம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். டிராயிங் எந்தக் கோப்பிலிருந்து எடுக்கும் என்பதை மெஷர்மென்ட் என்ற மாறி தீர்மானிக்கிறது: 0 என்றால் அங்குலக் கோப்பு, 1 என்றால் மெட்ரிக் கோப்பு. பிறகு இந்த மாறியை மாற்றினாலும், டிராயிங்குக்குள் ஏற்கெனவே ஏறிவிட்ட வகைகள் மாறாது. திரும்ப லோட் செய்தால்தான் மாறும். இது தெரியாமல் பாதி நாளைத் தொலைப்பவர்கள் நிறைய.

அந்த அடிப்படை நீளத்தின் மேல் பெருக்கல்கள் வருகின்றன. மொத்த டிராயிங்குக்குமான எல்டிஸ்கேல். தனித்தனிக் கோடுகளில் ஒட்டிக்கொள்ளும் கோட்டு அளவு; புதிதாக வரையும் கோட்டுக்கு அதைத் தருவது சிஇஎல்டிஸ்கேல். லேஅவுட்டில் வியூபோர்ட்டின் ஸ்கேலைக் கணக்கில் எடுக்கவா வேண்டாமா என்று சொல்லும் பிஎஸ்எல்டிஸ்கேல். மாடலில் அனோட்டேஷன் ஸ்கேலைக் கணக்கில் எடுக்கவா என்று கேட்கும் எம்எஸ்எல்டிஸ்கேல். இந்த நான்கில் எது ஒன்று இடம் மாறினாலும் கோடு மாறும். திரையில் பார்த்தால் எது மாறியது என்று தெரியாது. கோடு முழுதாகத் தெரிகிறது என்றால் கீற்று மிகச் சிறியதாகி ஒட்டிக்கொண்டிருக்கலாம். மிகப் பெரியதாகிக் கோட்டையே விழுங்கியிருக்கலாம். நேர் எதிரான இரண்டு கோளாறுகளுக்கும் ஒரே முகம். ஒரு எண்ணைப் போட்டுப் பார்ப்பது, சரிவரவில்லை என்றால் இன்னொன்றைப் போடுவது என்ற பழக்கம் வேரூன்றியதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் முறையில் தொடங்கலாம். 1982-இல் ஆட்டோகேட் வெளிவந்தபோது பேப்பர் ஸ்பேஸ் என்ற ஒன்றே கிடையாது. வரைந்தது எல்லாம் ஒரே வெளியில், முழு அளவில். பிளாட் எடுக்கும்போதுதான் 1:100 என்று சுருக்குவார்கள். அப்போது கீற்றைப் பெரிதாக்கி வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு டிராயிங், ஒரு ஸ்கேல், ஒரு எல்டிஸ்கேல். மில்லிமீட்டரில் வரைந்து 1:100-இல் பிளாட் எடுப்பவர் எல்டிஸ்கேலை 50 என்று வைத்தால் 12.7 மி.மீ. கீற்று 635 மி.மீ. ஆகும், தாளில் 6.35 மி.மீ. ஆக இறங்கும். கணக்கு நேரானது. திரையில் பார்ப்பதும் தாளில் விழுவதும் ஒன்றாகவே இருக்கும். இன்றைக்கும் ஒரே ஸ்கேலில் ஒரே தாள் போடும் சிறு வேலைகளுக்கு, மாடலிலிருந்தே நேராகப் பிரிண்ட் எடுப்பவர்களுக்கு, இதைவிட எளிய வழி இல்லை. மூத்த டிராஃப்ட்ஸ்மேன்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதைப் பிடிவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை; அவர்கள் கற்ற காலத்தில் அதுதான் சரியான பதில்.

1990-இல் ரிலீஸ் 11 பேப்பர் ஸ்பேஸைக் கொண்டுவந்ததும் அந்தக் கணக்கின் அடித்தளம் ஆட்டம் கண்டது. ஒரே தாளில் 1:100 பிளான், 1:20 விவரப் படம், 1:200 கீ பிளான் என்று பல ஸ்கேல்கள் வரலாம். எல்டிஸ்கேல் 50, பிஎஸ்எல்டிஸ்கேல் 0 என்று வைத்து இந்தத் தாளைப் போட்டுப் பாருங்கள். பிளானில் கீற்று 6.35 மி.மீ.; விவரப் படத்தில் 31.75 மி.மீ.; கீ பிளானில் 3 மி.மீ. சொச்சம். ஒரே பீம் மூன்று இடத்தில் மூன்று வகைக் கோடாகத் தெரியும். சரி என்று பிஎஸ்எல்டிஸ்கேலை 1 ஆக்கினால் இன்னும் மோசம். அப்போது கீற்று தாளின் அளவிலேயே 635 மி.மீ. நீளும். ஏ1 தாளின் முழு அகலமே 841 மி.மீ.தான். தாளில் உள்ள டேஷ் கோடுகள் எல்லாம் முழுக்கோடாகிவிடும்.

இந்த இடத்தில்தான் இரண்டாவது கைவைத்தியம் நுழைகிறது; எனக்கு மிகவும் கோபம் வரவைப்பதும் அதுதான். மாலை ஆறு மணிக்குள் பிரிண்ட் போக வேண்டும். லேஅவுட்டில் பரண் கோடு முழுதாகத் தெரிகிறது. வரைபவர் அதைத் தேர்ந்தெடுத்து ப்ராபர்ட்டீஸில் கோட்டு அளவை 0.02 என்று போடுகிறார். 635-ஐ 0.02-ஆல் பெருக்கினால் 12.7 மி.மீ.; டேஷ் தெரிகிறது; பிரிண்ட் போய்விடுகிறது. மாடலுக்குத் திரும்பினால் அதே கோட்டில் 12.7 அலகுக் கீற்றுகள். பத்து மீட்டர் சுவரின் மேல் ஐந்நூறுக்கு மேல் அடுக்கி முழுக்கோடாகத் தெரியும். மறுநாள் வேறொருவர் டிராயிங்கைத் திறக்கிறார். எல்டிஸ்கேல் 50 என்று இருப்பது தப்பு என்று அவருக்குச் சரியாகவே படுகிறது, 1 ஆக்குகிறார். மற்ற கோடுகள் எல்லாம் ஒழுங்காகிவிடுகின்றன. பரண் கோட்டில் மட்டும் கீற்று தாளில் கால் மில்லிமீட்டருக்குச் சுருங்கி ஒட்டிப்போகிறது. அவர் தவறு எதுவும் செய்யவில்லை. முந்தைய நாளின் திருத்தம் அந்தக் கோட்டுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது.

கோட்டுக்குக் கோடு திருத்தும் முறையின் ஒரே பலம் வேகம். அந்த வேகத்துக்கான விலையை அடுத்து வருபவர் கொடுக்கிறார். லேயர் பட்டியலில் இதன் சுவடு தெரியாது. செட்பைலேயர் கட்டளை நிறத்தையும் கோட்டு வகையையும் கோட்டுத் தடிமனையும் லேயருக்குத் திருப்பும். இந்தத் தனி அளவைத் தொடாது. பிளாக்குக்குள் இருக்கும் கோடுகளை பிளாக் எடிட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். சிஇஎல்டிஸ்கேலை ஒருமுறை 0.5 ஆக்கிவிட்டு மறந்துவிட்டால், அதன் பிறகு வரையும் எல்லாக் கோடும், சுவர் உட்பட, அந்த 0.5-ஐச் சுமந்துகொண்டே பிறக்கும். முழுக்கோடாக இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. என்றைக்கோ அந்தச் சுவரை இடிக்கப்போகும் சுவர் என்று டேஷ் லேயருக்கு மாற்றும்போதுதான் வெளியே வரும்.

மூன்றாவது முறையின் கருத்து தெளிவானது. பிஎஸ்எல்டிஸ்கேல் 1 என்றால், வியூபோர்ட் 1:20 ஆனாலும் 1:200 ஆனாலும் கீற்று தாளில் ஒரே நீளத்தில் விழும். கையால் டிரேசிங் ஷீட்டில் ரோட்ரிங் பேனா வைத்து வரைந்தவர்கள் செய்ததும் இதுதான். விவரப் படம் பெரிய ஸ்கேல் என்பதற்காக அவர்கள் கீற்றை ஐந்து மடங்கு நீட்டவில்லை. பழகிய கை எந்தப் படத்திலும் ஏறத்தாழ ஒரே நீளத்தைப் போட்டது. படிப்பவரின் கண்ணும் அதற்கே பழகியிருக்கிறது. இந்த முறைக்கு இன்னொரு பெரிய பலம் உண்டு. அதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. மாடல் எந்த அலகில் இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. நம் ஊரில் வீட்டுக்காரர் அடிக்கணக்கில் பேசுவார். கட்டட வரைபடமும் ஸ்ட்ரக்சுரல் படமும் மில்லிமீட்டரில் வரும். டோட்டல் ஸ்டேஷன் வைத்து எடுத்த சர்வே மீட்டரில் வரும். மீட்டர் சர்வேயை 1:200-இல் காட்டும் வியூபோர்ட்டில் ஒரு மீட்டர் ஐந்து மி.மீ. ஆக இறங்குகிறது, மில்லிமீட்டர் படத்தில் ஒரு மி.மீ. தாளில் 0.005 ஆக இறங்குகிறது. கீற்றுக்கு இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் அது மாடலை அளப்பதே இல்லை, தாளை அளக்கிறது.

குறைகளுக்கு வருவோம். பிஎஸ்எல்டிஸ்கேல் ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் தனித்தனி. ஒரு தாளில் 1 ஆக்கிவிட்டு முழு டிராயிங்கையும் சரிசெய்துவிட்டோம் என்று நினைத்தால், பழைய வேலையிலிருந்து கொண்டுவந்த நான்காவது லேஅவுட் இன்னும் 0-விலேயே இருக்கும். வியூபோர்ட்டின் ஸ்கேலை மாற்றியதும் கீற்றுகள் தாமாக மாறுவதில்லை; ரீஜென்ஆல் கொடுக்கும்வரை பழைய அளவிலேயே நிற்கும். இது சிறிய விஷயம் போலத் தோன்றும். ஆனால் அந்தச் சில நொடிகளில்தான் ஒருவர், கோடு கெட்டுவிட்டது என்று எண்ணி ப்ராபர்ட்டீஸைத் திறக்கிறார். மென்பொருள் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டதால் ஒரு நல்ல டிராயிங் கெடுகிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதைப் பயனரே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாடலில் என்ன தெரியும் என்ற கேள்விக்கு 2008 பதிப்பு வரைக்கும் பதில் இல்லை. லேஅவுட்டுக்குச் சரியான எண்ணைப் போட்டால் மாடலில் எல்லாம் முழுக்கோடு. அதைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க வரைய வேண்டும். வரைபவர்கள் எல்டிஸ்கேலை 50 ஆக்கி வரைந்துவிட்டு, பிளாட்டுக்கு முன் 1 ஆக்கி, பிறகு திரும்ப 50 ஆக்கியதெல்லாம் இதனால்தான். அந்தப் பதிப்பில் அனோட்டேஷன் ஸ்கேலோடு எம்எஸ்எல்டிஸ்கேலும் வந்தது. அதை 1 ஆக்கி, மாடலில் ஸ்கேலை 1:100 என்று தேர்ந்தெடுத்தால் கீற்று நூறு மடங்காகித் தாளில் விழப்போவது போலவே திரையில் தெரியும். முழு நிவாரணம் என்றுதான் சொல்லியிருப்பேன், மீட்டர் டிராயிங் மட்டும் இல்லாவிட்டால். பட்டியலில் இருக்கும் 1:200 என்ற ஸ்கேல் தாளும் மாடலும் ஒரே அலகில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. மீட்டரில் வரைந்த சர்வேயில் அதைத் தேர்ந்தெடுத்தால், எல்டிஸ்கேல் 0.5 என்றே வைத்தாலும் கீற்று 1270 அலகு, அதாவது 1.27 கிலோமீட்டர். மனை முழுவதும் ஒரே கீற்றுக்குள் அடங்கிவிடும். தாளில் 5 அலகுக்கு மாடலில் 1 அலகு என்று ஒரு தனி ஸ்கேலைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் கீற்று 1.27 மீட்டருக்கு இறங்கிவிடும். இது ஒரு நிமிட வேலை. ஆனால் சர்வேயரின் டெம்ப்ளேட்டில் இப்படி ஒரு ஸ்கேலை நான் பார்த்தது அரிது.

பெயர் ஒன்றாகவும் அளவு வேறாகவும் இருப்பதன் முழு விபரீதம் ஒட்டும்போதுதான் வரும். ஒரு டிராயிங்கிலிருந்து இன்னொன்றுக்கு காப்பி செய்து ஒட்டினால், போய்ச் சேரும் டிராயிங்கில் டேஷ்டு என்ற பெயர் ஏற்கெனவே இருந்தால் அங்கிருக்கும் வரையறைதான் நிற்கும். மெட்ரிக் டிராயிங்கிலிருந்து வந்த கோடு, அங்குலக் கோப்பிலிருந்து லோடான 0.5 கீற்றை மாட்டிக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் வராது. எக்ஸ்ரெஃப் இந்த விஷயத்தில் நாணயமானது. பெயருக்கு முன்னால் கோப்பின் பெயரைச் சேர்த்து இரண்டு வரையறைகளையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. ஆனால் எக்ஸ்ரெஃபுக்குள் எல்டிஸ்கேல் என்னவாக இருந்தாலும் அது எடுபடாது. தாய் டிராயிங்கின் எண்தான் எல்லோருக்கும். ஆளுக்கொரு எல்டிஸ்கேலோடு பழகிய நான்கு ஆபீஸ்கள் ஒரே கட்டடத்துக்கு வேலை செய்யும்போது, ஒருவருக்குச் சரியான எண் மற்ற மூவருக்கும் தப்பாகிவிடுகிறது.

இதுவரை சொன்னதில் கீற்று எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்ற கேள்வியை ஒத்திவைத்திருந்தேன். 12.7 மி.மீ. ஏன்? யாரோ 0.5 அங்குலம் என்று தேர்ந்தெடுத்ததை 25.4-ஆல் பெருக்கியதால். வரைகலையின் தேவைக்கும் அந்த எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தர நிர்ணயம் வேறு வழியில் யோசித்திருக்கிறது. 1996-இல் வந்த ஐஎஸ்ஓ 128-20, கீற்றின் நீளத்தைக் கோட்டின் தடிமனோடு கட்டியது: கீற்று தடிமனைப் போல் 12 மடங்கு, இடைவெளி 3 மடங்கு. 0.35 மி.மீ. தடிமனுக்குக் கீற்று 4.2 மி.மீ., வெளி 1.05 மி.மீ. 0.25-க்கு 3-ம் 0.75-ம். 0.5-க்கு 6-ம் 1.5-ம். தடித்த கோட்டில் கீற்று நீண்டும் மெல்லிய கோட்டில் சுருங்கியும் இருந்தால்தான் இரண்டும் ஒரே குடும்பத்துக் கோடாகக் கண்ணுக்குப் படும். ஆட்டோகேடின் மெட்ரிக் கோப்பிலேயே இதற்கான வகைகள் இருக்கின்றன. ஏகேட்_ஐஎஸ்ஓ02டபிள்யூ100 என்ற பெயரைப் பார்த்து மிரண்டு யாரும் தொடாமல் விட்டிருக்கிறார்கள். அதன் வரையறை 12, -3. பெயரின் கடைசியில் இருக்கும் டபிள்யூ100 என்பது 1.00 மி.மீ. பேனாவைக் குறிக்கிறது.

கோட்டுத் தடிமன் 2000 பதிப்பிலிருந்தே ஆட்டோகேடுக்குத் தெரியும். லேயரில் ஒரு கட்டமாகவே இருக்கிறது. இருந்தும் தடிமனைப் பார்த்துக் கீற்றை நிர்ணயிக்க அதற்குச் சொல்லித்தரவில்லை. எல்டிஸ்கேல் 0.35 என்று வைத்தால் 0.35 பேனாவுக்குச் சரி. செட்பேக் எல்லைக்கு வைத்த 0.5 பேனாவுக்குச் சரியில்லை. அதைச் சரிசெய்யத் தனி அளவுக்குப் போனால் மறுபடி இரண்டாவது கைவைத்தியத்தில் விழுவோம்.

ஆகவே நான் பரிந்துரைப்பது ஆபீசுக்கென்று ஒரு லின் கோப்பு. அதில் டேஷ்25, டேஷ்35, டேஷ்50 என்று மூன்று வகைகள். 35-க்கு எதிரே ஏ, 4.2, -1.05 என்று தாளின் மில்லிமீட்டரிலேயே எழுதிவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டே வரி. லேயருக்குத் தடிமனைத் தரும்போது அதே எண்ணுள்ள வகையையும் தர வேண்டும். எல்டிஸ்கேல் 1, சிஇஎல்டிஸ்கேல் 1, பிஎஸ்எல்டிஸ்கேல் 1, எம்எஸ்எல்டிஸ்கேல் 1. டெம்ப்ளேட்டின் எல்லா லேஅவுட்டிலும் இதைச் சேமித்துவிட வேண்டும். டேஷ்டு என்ற பொதுப் பெயரைப் பயன்படுத்தாததால் ஒட்டும்போது வரும் பெயர்க் குழப்பமும் தீர்கிறது. கோடு கெட்டால் எங்கே தேட வேண்டும் என்பதும் தெரியும்: 1 இல்லாத எண் எதுவோ அதுதான் காரணம். என் கண்ணில் இந்த முறையின் மிகப் பெரிய பலம் இந்தக் கடைசி ஒன்றுதான். சிக்கல் வராது என்று இந்த முறை வாக்குத் தருவதில்லை. வந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்க வைக்கிறது.

இதற்கு எதிரான வாதம் வலுவானது. அதைச் சொன்னவர்கள் அனுபவசாலிகள். நம் ஆபீசின் ஒழுங்கு நம் வாசலோடு நின்றுவிடுகிறது என்பது அந்த வாதம். கன்சல்டன்ட் அனுப்பும் படத்தில் 12.7 மி.மீ. டேஷ்டுதான் இருக்கும். அதை எக்ஸ்ரெஃபாகக் கொண்டுவந்தால், நம் எல்டிஸ்கேல் 1-இன் கீழ் அது தாளில் 12.7 மி.மீ. ஆகவே விழும்; நம் 4.2-க்குப் பக்கத்தில் கோமாளித்தனமாக இருக்கும். அவருக்காக எல்டிஸ்கேலைக் குறைத்தால் நம் கோடுகள் சுருங்கிவிடும். எதிர்த் திசையில் பார்த்தால் சேதம் இன்னும் அதிகம். நம் படத்தை வாங்கி, எல்டிஸ்கேல் 50-ம் பிஎஸ்எல்டிஸ்கேல் 1-மாக இருக்கும் ஒரு லேஅவுட்டில் அவர் வைத்தால் 4.2 மி.மீ. கீற்று 210 மி.மீ. ஆகிவிடும். நூறு பேர் பழைய முறையில் இருக்கும்போது ஒருவர் மட்டும் சுத்தமாக இருப்பதால் அந்த ஒருவருக்கே கூடுதல் வேலை. இதை நான் மறுக்கவில்லை. வந்த எக்ஸ்ரெஃபின் லேயர்களுக்கு தாய் டிராயிங்கிலேயே நம் கோட்டு வகையைக் கொடுத்து, விஸ்ரிடெய்ன் மாறியை 1 ஆக வைத்து அதைத் தக்கவைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் லேயர்வழி வரைந்திருந்தால்தான் அது பலிக்கும். கோட்டுக்குக் கோடு வகையும் அளவும் கொடுத்து வரைந்த படத்தில் பலிக்காது.

அப்படியும் நான் இந்தப் பக்கமே நிற்பதற்கு ரெவிட் ஒரு காரணம். ரெவிட்டில் கோட்டு வடிவத்தின் கீற்றும் வெளியும் அச்சில் வரும் அளவிலேயே வரையறுக்கப்படுகின்றன. வியூவின் ஸ்கேலை மாற்றினால் கீற்று தாளில் மாறாமல் நிற்கிறது. கோட்டுக்குக் கோடு பெருக்கல் கிடையாது. அந்தக் கதவு மூடியிருப்பதால், பதற்றத்தில் ஒருவர் உள்ளே நுழைந்து 0.02 என்று எழுதிவிட்டுப் போகவும் முடியாது. அதே ரெவிட்டிலிருந்து டிடபிள்யூஜி கோப்பாக வெளியே அனுப்பும்போது மட்டும், பிஎஸ்எல்டிஸ்கேல் 0-ஆ 1-ஆ, இல்லை வரையறையையே பெருக்கித் தரவா என்று அது கேட்கிறது. வாங்குபவர் எந்தப் பழக்கத்தில் இருக்கிறார் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. டிராயிங் அனுப்பும் மின்னஞ்சலில் அலகையும் தாளின் அளவையும் குறிப்பிடுவது போல இந்த நான்கு எண்களையும் ஒரு வரியில் எழுதி அனுப்பும் வழக்கம் இருந்தால், மேலே சொன்ன எதிர்வாதத்தின் பாதி காற்றில் கரைந்துவிடும்.

எல்லா எண்ணும் 1 ஆகிவிட்ட பிறகும் சீராக வராத இடம் ஒன்று பாலிலைன். சர்வேயில் இருக்கும் தரைமட்டக் கோடுகளை டேஷாகவும், நிரவிய பிறகு வரப்போகும் மட்டத்தை முழுக்கோடாகவும் காட்டுவது பரவலான வழக்கம். சர்வே மென்பொருள் தரும் கான்டூரில் மீட்டருக்கு ஒரு முனை இருந்தால், 1:500-இல் ஒவ்வொரு துண்டும் தாளில் 2 மி.மீ.தான். பிலைன்ஜென் 0 என்றால் கீற்றுக் கணக்கு ஒவ்வொரு முனையிலும் புதிதாகத் தொடங்கும். 5.25 மி.மீ. சுற்று 2 மி.மீ. துண்டுக்குள் நுழையாது; ஆட்டோகேட் முழுக்கோடாகவே போட்டுவிடும். இருக்கும் மண்ணும் வரப்போகும் மண்ணும் தாளில் ஒன்றாகிவிடும். 1 ஆக்கினால் கீற்று முனைகளைப் பொருட்படுத்தாமல் ஓடும், கான்டூர் உயிர்பெறும். ஆனால் மனை எல்லை, செட்பேக் போன்ற செவ்வகங்களில் 1 தவறு. மூலை வெளியில் விழுந்துவிட்டால் எல்லை எங்கே திரும்புகிறது என்பதே தெரியாது. இத்தகைய கோடுகள் கூடுமானவரை கீற்றில்தான் சந்திக்க வேண்டும் என்பது ஐஎஸ்ஓவின் விதியும்கூட. எனவே டெம்ப்ளேட்டில் 0-வே இருக்கட்டும். கான்டூர்களை மட்டும் தேர்ந்தெடுத்து ப்ராபர்ட்டீஸில் லைன்டைப் ஜெனரேஷனை இயக்கிக்கொள்ளலாம். மாறியை மாற்றினால் இனி வரையும் பாலிலைன்களுக்குத்தான் பலன். ஏற்கெனவே இருப்பவற்றை இப்படித் தொட்டுத்தான் மாற்ற வேண்டும்.

இன்னொரு இடம் குறுங்கோடு. 230 மி.மீ. செங்கல் சுவரின் கனத்துக்குள் மறைந்திருக்கும் ஒரு விளிம்பை எடுத்துக்கொள்வோம். 1:20 வியூபோர்ட்டில் அது 11.5 மி.மீ.; இரண்டு சுற்று தாராளமாக நுழையும். அதே கோடு அதே தாளின் 1:50 வியூபோர்ட்டில் 4.6 மி.மீ.; ஒரு சுற்றுக்குக்கூட இடம் போதாது, முழுக்கோடாக விழும். எல்லாம் 1-இல் இருக்கிறது, எவரும் எதையும் கெடுக்கவில்லை, இருந்தும் ஒரே விளிம்பு ஒரு படத்தில் மறைந்தும் மற்றொன்றில் வெளியே தெரிவதாகவும் வருகிறது. கீற்றைத் தாளோடு கட்டிவிட்டதன் நேரடி விளைவு இது. எண்ணைத் திருகி இதிலிருந்து தப்ப முடியாது. இதற்கென்று லின் கோப்பில் 1.5, -0.75 அளவில் டேஷ்குறு என்று ஒரு வகை எழுதி, சுவர்க் கனத்துக்குள் வரும் மறைவிளிம்புகளைத் தனி லேயரில் வைத்து அதற்கு இந்த வகையைத் தருவதுதான் நான் செய்யச் சொல்வது. 1:50-இல் இரண்டு சுற்று, 1:20-இல் ஐந்து சுற்று. பக்கத்தில் இருக்கும் 4.2 மி.மீ. கீற்றுகளைவிட இது பொடியாகத் தெரியும். அந்த வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். சுவருக்குள் இருப்பது வெளியே தெரிவதாக அச்சாவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.